லாஃப்லினில் இரண்டு இரவு: கேசினோ ஊருக்குச் சிக்கனமாகப் போய்வருவது எப்படி?

லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் இருக்கிறோம், ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், லாஸ் வேகஸைப் பார்த்து முடித்தாயிற்று; நாலு பேர், இரண்டு இரவு, 600 டாலருக்குள் லாஃப்லின் போய்வர முடியுமா, சூதாடாதவர்களுக்கு அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக முடியும். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லாஃப்லினில் அறை மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் இருக்கிறது. மேலே வாடகையில் விட்டதைக் கீழே சூதாட்டத் தளத்தில் உங்களிடமே பிடித்துவிடலாம் என்பது விடுதிக்காரர்களின் கணக்கு. மலிவான அறையை எடுத்துக்கொண்டு, அந்தக் கணக்கில் மட்டும் சிக்காமல், பகல் முழுக்க ஆற்றோடு இருந்துவிட்டு வாருங்கள். அப்பா அம்மாவுக்கு அங்கே பிடிக்கப்போவது கொலராடோ ஆறுதான்.

ஊரின் கதை சிறியது. நெவாடா மாநிலத்தின் தென்கோடி முனை, வேகஸுக்குத் தெற்கே சுமார் 95 மைல். எதிர்க்கரையில் அரிசோனாவின் புல்ஹெட் சிட்டி. 1964-ல் டான் லாஃப்லின் என்பவர், பூட்டிக்கிடந்த எட்டு அறை மோட்டல் ஒன்றை ஆற்றோரம் வாங்கினார். அதில் நாலு அறையில் அவர் குடும்பமே குடியிருந்தது. பன்னிரண்டு ஸ்லாட் மெஷின் (காசு போட்டு ஆடும் சூதாட்டப் பெட்டி), 98 சென்ட்டுக்கு வயிறு நிறையக் கோழிச் சாப்பாடு என்று ஆரம்பித்த இடம் இன்றைக்கு 'ரிவர்சைட் ரிசார்ட்' என்ற பெரிய விடுதி. ஊருக்கு அவர் பெயரையே வைத்துவிட்டது தபால் துறை. 1987-ல் தன் கைக்காசு 35 லட்சம் டாலர் போட்டு இரு கரைக்கும் பாலம் கட்டிக் கொடுத்தார். 2023-ல், 92 வயதில் காலமானார். மலிவாகச் சாப்பாடு போட்டு ஆளை உள்ளே வரவழைப்பது என்று அவர் தொடங்கிவைத்த வழிதான் இன்றும் அந்த ஊரின் வியாபாரம்.

எப்போது போவது என்பதில்தான் பாதிச் சிக்கனம் இருக்கிறது. ஞாயிறு போய் செவ்வாய் திரும்புங்கள். வெள்ளி, சனிக்கு இரு மடங்கு, மூன்று மடங்கு வாடகை கேட்கும் அதே அறை ஞாயிறு இரவிலிருந்து இறங்கிவிடும். 30 முதல் 50 டாலருக்குள் சாதாரணமாகக் கிடைக்கும். ஞாயிறு காலை கிளம்பினால் வேகஸிலிருந்து திரும்பும் கூட்டம் உங்களுக்கு எதிர்த்திசையில் வரும். உங்கள் பக்கம் சாலை காலியாக இருக்கும். மாதம் என்றால் அக்டோபர் கடைசி, நவம்பர், பிறகு மார்ச். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பெரியவர்களை அங்கே கூட்டிக்கொண்டு போகவே வேண்டாம். நெவாடா மாநிலத்திலேயே பதிவான உச்ச வெப்பம், 125 டிகிரி ஃபாரன்ஹீட், 1994 ஜூன் 29 அன்று பதிவானது இந்த லாஃப்லினில்தான். கோடையில் அறை இன்னும் மலிவாகக் கிடைத்தாலும் அறையைவிட்டு வெளியே வர முடியாது. வெளியே வர முடியாதவர்கள் கீழே ஆட்டத் தளத்துக்குத்தான் போவார்கள்.

அறை பிடிக்கும்போது 'ரிசார்ட் ஃபீ' என்ற தனிக் கட்டணத்தைக் கவனியுங்கள். நாள் ஒன்றுக்கு இவ்வளவு என்று சேர்ப்பார்கள். வார நாளில் அது வாடகையில் பாதிக்கு மேலேயே போய்விடும். அதற்கு மேல் வரியும் உண்டு. 2025 மே மாதத்திலிருந்து இந்தக் கட்டாயக் கட்டணத்தையும் சேர்த்தே விலையைக் காட்ட வேண்டும் என்று மத்திய வர்த்தக ஆணையத்தின் விதி இருக்கிறது. இருந்தாலும் வரி தனி. ஆகவே கண்ணில் முதலில் படும் பெரிய எழுத்து விலையை விட்டுவிட்டு, பணம் கட்டும் பக்கத்தில் வரும் மொத்தத்தை வைத்தே இரண்டு விடுதிகளை ஒப்பிடுங்கள். இரண்டு பெரிய கட்டில் உள்ள ஓர் அறை நாலு பேருக்குப் போதும். பதிவு செய்யும்போது நாலு பேர் என்றே சொல்லுங்கள். அறைக்குள் நுழையும்போது முன்பணமாக ஒரு தொகையை கார்டில் பிடித்துவைப்பார்கள், போன பிறகு விடுவிப்பார்கள். டெபிட் கார்டைக் கொடுத்தால் அந்தப் பணம் சில நாள் முடங்கிக் கிடக்கும். கிரெடிட் கார்டைக் கொடுங்கள்.

எந்த விடுதி? ரிவர்சைட், அக்வேரியஸ், எட்ஜ்வாட்டர், பயனியர், கோல்டன் நக்கெட் எல்லாம் ஆற்றை ஒட்டி அடுத்தடுத்து இருக்கின்றன. ட்ராபிகானா சாலைக்கு மறுபக்கம், ஆற்றின் கரையில் இல்லை. ஹாராஸ் ஆற்றோரம்தான், சொந்த மணல் கரைகூட உண்டு. ஆனால் தெற்கே தள்ளித் தனியாக இருக்கிறது, மற்ற இடங்களுக்குப் பெரியவர்கள் நடந்து வர முடியாது. உங்கள் குடும்பத்துக்கு வடக்குப் பகுதி நல்லது. ரிவர்சைடில் அல்லது அக்வேரியஸில், ஆற்றைப் பார்த்த அறை, புகை பிடிக்காத தளம் என்று கேட்டு வாங்குங்கள். ஆற்றுப் பக்கத்து அறைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டால் கொடுத்துவிடலாம். இந்தப் பயணத்தில் நான் தயங்காமல் செலவழிக்கச் சொல்வது அது ஒன்றைத்தான். புகை விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நெவாடாவில் உணவகத்தில் புகைக்கக் கூடாது, ஆனால் ஆட்டத் தளத்தில் புகைக்கலாம். லிஃப்டுக்கும் சாப்பாட்டு இடத்துக்கும் பல விடுதிகளில் அந்தத் தளத்தைக் கடந்துதான் போக வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

வழி எளிது. ஐ-15 நெடுஞ்சாலையில் பார்ஸ்டோ, அங்கிருந்து ஐ-40-ல் நீடில்ஸ், பிறகு வடக்கே திரும்பினால் லாஃப்லின். ஏறத்தாழ 280 மைல், நிறுத்தங்களோடு ஐந்தரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பார்ஸ்டோவைத் தாண்டினால் மொஹாவி பாலைவனம். வண்டியில் தண்ணீர் தாராளமாக இருக்கட்டும். பெட்ரோலை பார்ஸ்டோவிலோ அதற்கு முன்போ நிரப்புங்கள். நீடில்ஸில் நிரப்பாதீர்கள், கலிஃபோர்னியாவிலேயே விலை கூடுதலான ஊர்களில் ஒன்று அது. அங்கே ஆற்றைக் கடந்து அரிசோனாவுக்குள் போய்விட்டால் விலை சடாரென்று இறங்கும். நான் அந்த அரிசோனாக் கரை வழியாகவே மேலே போகச் சொல்வேன். மொஹாவி வேலி, புல்ஹெட் சிட்டி என்று ஊர்கள் தொடர்ந்து வரும். போகிற வழியிலேயே வால்மார்ட், சேஃப்வேயில் இறங்கி தயிர், பழம், ரொட்டி, தண்ணீர் வாங்கிக்கொண்டு பாலத்தைக் கடந்து நெவாடாவுக்குள் நுழையலாம்.

இங்கே நேரக் குழப்பம் ஒன்று இருக்கிறது. அரிசோனா கடிகாரத்தை மாற்றுவதில்லை, நெவாடா மாற்றும். மார்ச்சிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை இரு கரையிலும் ஒரே நேரம். குளிர்காலத்தில் அரிசோனா ஒரு மணி நேரம் முன்னால் இருக்கும். கைப்பேசி எதிர்க்கரைக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டால் அறைக்குள் உட்கார்ந்திருக்கும்போதே மணி மாறும். படகுக்கோ எழுந்திருக்கவோ அலாரம் வைப்பதானால் நேர மண்டலத்தைக் கையால் நிறுத்திவிடுங்கள்.

இப்போது ஆற்றுக்கு வருகிறேன். வடக்கே சில மைல் தொலைவில் டேவிஸ் அணை. 1951-ல் முடிந்தது, அதன் பின்னால் மொஹாவி ஏரி, ஹூவர் அணை வரைக்கும் 67 மைல் நீண்டு கிடக்கிறது. ஏரியின் ஆழத்துத் தண்ணீர் அணை வழியாக வெளியே வருவதால் வெயில் 110 டிகிரி அடிக்கும் நாளிலும் ஆறு ஐஸ் மாதிரி இருக்கும். வண்டல் எல்லாம் ஏரியிலேயே தங்கிவிடுவதால் தண்ணீர் பச்சைக் கண்ணாடி போலத் தெளிவு. மின்சாரத் தேவையைப் பொறுத்துத் தண்ணீரைக் கூட்டியும் குறைத்தும் விடுவார்கள். காலையில் கூழாங்கல் தெரியும் கரை, மதியம் முழங்கால் ஆழத்துக்குப் போயிருக்கும். கரையோரம் கால் நனைப்பது சரி. நீந்துவதானால் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் இறங்கவே கூடாது. வெயிலில் காய்ந்த உடம்போடு அந்தக் குளிருக்குள் குதித்தால் மூச்சு திணறும், இழுப்பும் வேகம். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்கும் இதையேதான் சொல்வேன்.

விடுதிகளின் பின்புறம் ஆற்றை ஒட்டி ஒரு நடைபாதை போகிறது. சமதளம், கைப்பிடி உண்டு, ஆங்காங்கே பெஞ்சு. இதற்குக் காசில்லை. சூரியன் உதித்த கையோடு அப்பா அம்மாவை அங்கே கூட்டிக்கொண்டு போங்கள். படகுத் துறைகளின் அடியில் கெண்டை மீன்கள் கூட்டமாக மிதந்துகொண்டிருக்கும். ஒவ்வொன்றும் முழங்கை நீளம், வாயை வட்டமாகத் திறந்து நீர்மட்டத்துக்கு மேலே நீட்டும், வாத்துகள் அவற்றின் முதுகை மிதித்துக்கொண்டே நீந்தும். என் மாமியார் அந்த இடத்தைவிட்டு நகர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அந்த வழியில்தான் பயனியர் விடுதியின் பிரம்மாண்ட நியான் கௌபாய் 'ரிவர் ரிக்' நிற்கிறார். மிசிசிப்பி நீராவிக் கப்பல் வடிவில் கட்டிய கொலராடோ பெல் விடுதியும் அங்கேதான். 2020-ல் மூடிவிட்டார்கள், கட்டடத்தை வெளியிலிருந்து பார்க்கலாம். மாலையில் விடுதிகளுக்கு இடையே ஓடும் வாட்டர் டாக்ஸியில் ஒரு முறை ஏறுங்கள். சில டாலரில் ஆற்றின் மேல் போய்வந்தது ஆயிற்று. கூடுதலாக வேண்டுமானால் அணை வரை போய்த் திரும்பும் சுற்றுலாப் படகு உண்டு. ஹவாசு ஏரிக்குப் போகும் வேகப் படகை நாலு பேருக்கு எடுத்தால் உங்கள் பட்ஜெட் அதிலேயே முடிந்துவிடும், விட்டுவிடுங்கள். ரிவர்சைடில் டான் லாஃப்லின் சேர்த்த பழைய கார்களின் காட்சிக்கூடம் இருக்கிறது. இலவசம், அப்பாக்களுக்குப் பிடிக்கும்.

கேசினோ பக்கமே போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். அந்த ஊருக்குப் போய்விட்டு ஒரு மெஷினையாவது இழுத்துப் பார்க்காமல் வருவது பெரியவர்களுக்கே ஏமாற்றமாக இருக்கும். ஆனால் கணக்குத் தெரிந்து உட்காருங்கள். 'பென்னி ஸ்லாட்' என்று ஒரு சென்ட் மெஷின் வைத்திருப்பார்கள். பெயர்தான் ஒரு சென்ட். திரையில் உள்ள எல்லா ஆட்டக் கோடுகளுக்கும் சேர்த்துக் கட்டினால் ஒரு சுற்றுக்கு 60 சென்ட் போல ஆகிவிடும். விறுவிறு என்று அழுத்துகிறவர் மணிக்கு 600 சுற்று போவார். அதாவது மணிக்கு 360 டாலர் மெஷினுக்குள் போய் வருகிறது. இந்த மலிவு மெஷின்கள் பத்து சதவீதம் அளவுக்குப் பிடித்துக்கொள்பவை, ஆக மணிக்கு 36 டாலர் போகும். மலிவென்று நினைத்து உட்காரும் இடம்தான் அங்கே விலை அதிகம்.

ரூலெட்டில் சக்கரத்தைப் பாருங்கள். பூஜ்யம் ஒன்றுதான் இருந்தால் கேசினோவின் பங்கு 2.7 சதவீதம். அமெரிக்காவில் வழக்கமாக இருப்பது இரட்டைப் பூஜ்யம், அதில் 5.26. பிளாக்ஜாக் என்ற சீட்டாட்ட மேஜையில் பரிசு விகிதத்தைத் துணியிலேயே அச்சடித்திருக்கும்: 3-க்கு 2 என்றால் உட்காரலாம், 6-க்கு 5 என்றால் அடுத்த மேஜைக்கு நகருங்கள். 10 டாலர் கட்டி பிளாக்ஜாக் (முதல் இரண்டு சீட்டிலேயே 21) விழுந்தால் முதலாவதில் 15 கிடைக்கும், இரண்டாவதில் 12-தான். ஒழுங்காக ஆடத் தெரிந்தவருக்கு அரை சதவீதமாக இருக்கும் இழப்பு அந்த ஒரு மாற்றத்தால் இரண்டு சதவீதத்துக்குப் போய்விடும். பொறுமையுள்ளவர்களுக்குத் திரையில் சீட்டாடும் வீடியோ போக்கர் நல்லது. 'ஜாக்ஸ் ஆர் பெட்டர்' ஆட்டத்தில் ஃபுல் ஹவுஸ் என்ற சீட்டுச் சேர்க்கைக்கு 9 மடங்கு, ஃப்ளஷ் என்ற சேர்க்கைக்கு 6 மடங்கு என்று பட்டியலில் இருந்தால், பிசகில்லாமல் ஆடுகிறவருக்கு நூறில் 99.5 திரும்பும். 8-ம் 5-ம் என்று இருந்தால் அதே திரை, அதே சீட்டு, ஆனால் காசு வேகமாகப் போகும்.

ஆளுக்கு 15 டாலர், நாலு பேருக்கு 60 என்று வீட்டிலேயே உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். கார்டுகளை அறையில் வைத்துவிட்டுக் கீழே இறங்குங்கள். ஆட்டத் தளத்து ஏ.டி.எம். எடுக்கும் கட்டணமும் அதிகம், அது அங்கே நிற்பதற்கான காரணமும் நல்லதல்ல. ஆடும்போது புள்ளி சேரும் பிளேயர்ஸ் கார்டு இலவசம், வாங்கிக்கொள்ளுங்கள். சாப்பாட்டில் தள்ளுபடி, அடுத்த முறைக்கு அறைச் சலுகை என்று ஏதாவது வரும். ஆனால் புள்ளி சேர வேண்டும் என்பதற்காக ஒரு சுற்றுகூட ஆடாதீர்கள். ஆடும்போது பானம் இலவசமாகத் தருவார்கள், கொண்டு வருபவருக்கு ஒரு டாலர் கொடுப்பது வழக்கம். 21 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் தளத்தைக் கடந்து போகலாம், நிற்கக் கூடாது.

சுற்றுலா விசாவில் வந்திருக்கும் பெற்றோருக்காக ஒரு வரி விஷயம். அவர்கள் இங்கே வரிச் சட்டப்படி வெளிநாட்டவர். ஸ்லாட்டில் பெரிய ஜாக்பாட் விழுந்தால் 30 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் கையில் தருவார்கள், பாஸ்போர்ட்டும் கேட்பார்கள். பிளாக்ஜாக், ரூலெட், கிராப்ஸ், பக்கராட் ஆட்டங்களில் வெளிநாட்டவருக்கு இந்த வரி கிடையாது. பொத்தானை யார் அழுத்தினாரோ அவர்தான் ஜெயித்தவர். அப்பா அழுத்தியதைப் பையன் தன் பெயரில் வாங்கிக்கொள்ள முயலக் கூடாது.

திங்கட்கிழமை பகலுக்கு இரண்டு இடம் சொல்கிறேன், இரண்டுமே பெட்ரோல் செலவோடு முடிவது. காலையில் கிரேப்வைன் கேன்யன். லாஃப்லினிலிருந்து 163-ஆம் எண் சாலையில் மேற்கே ஏறி, கிறிஸ்துமஸ் ட்ரீ பாஸ் மண்சாலையில் திரும்பி இரண்டு மைல் போனால் வண்டி நிறுத்துமிடம். அங்கிருந்து சிறிது தூரம் மணலில் நடை. பள்ளத்தாக்கு வாயில் பாறைகள் இரு பக்கமும் குவிந்து கிடக்கும், அவற்றின் கருத்த மேல்தோலைக் கொத்தி எடுத்து வரைந்த நூற்றுக்கணக்கான கோலங்கள்: கட்டங்கள், அலைக்கோடுகள், கொம்பு வைத்த மலை ஆடுகள். மேலே தெரியும் ஸ்பிரிட் மலை மொஹாவி மக்களுக்கும் கொலராடோ ஆற்றங்கரைப் பழங்குடிகள் பலருக்கும் தோற்றம் எடுத்த புனித இடம். அவர்கள் மொழியில் அதன் பெயர் அவி க்வா அமே. 2023 மார்ச்சில் அதைச் சுற்றியுள்ள நிலம் அதே பெயரில் தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டது. பாறைகளைத் தொடாதீர்கள், மேலே ஏறாதீர்கள். கோயில் கல்வெட்டுக்குக் காட்டும் மரியாதையை அங்கேயும் காட்டுங்கள். சாய்வு வெயிலில்தான் கோடுகள் தெளிவாகத் தெரியும், அதனால் ஒன்பது மணிக்குள் போய்விடுவது நல்லது.

மதியத்துக்கு அரிசோனா பக்கம் ஓட்மன். பழைய ரூட் 66 சாலையில் உள்ள தங்கச் சுரங்க ஊர். சுரங்கக்காரர்கள் விட்டுவிட்டுப் போன கழுதைகளின் வம்சம் இன்று தெருவில் சுதந்திரமாகத் திரிகிறது. கார் கதவைத் திறக்கும் முன் மூக்கை ஜன்னலுக்குள் நீட்டும். கடைகளில் விற்கும் வைக்கோல் வில்லைகளைத் தவிர வேறெதுவும் கொடுக்கக் கூடாது, குட்டிகளுக்கு அதுவும் கூடாது. ஓட்மன் ஹோட்டலின் சுவர், கூரை எல்லாம் வந்தவர்கள் ஒட்டிவிட்டுப் போன ஒரு டாலர் நோட்டுகள். புல்ஹெட் சிட்டி பக்கத்திலிருந்து பவுண்டரி கோன் சாலை வழியாகப் போங்கள், சுலபமான ஏற்றம். கிங்மன் பக்கத்து மலைப்பாதை ஒடுக்கமான கொண்டை ஊசி வளைவுகள், பெரியவர்களுக்குத் தலை சுற்றும்.

சாப்பாட்டுக்கு: ஒரு வேளை விடுதியில், ஒரு வேளை புல்ஹெட் சிட்டியில், மீதி நீங்கள் வாங்கிவைத்தது. ஊரில் முன்புபோல மூலைக்கு மூலை மலிவு பஃபே இல்லை. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு மெக்சிகன் உணவகங்கள் கை கொடுக்கும். பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுண்டு, சோற்றைக் கோழிச் சாறில் வேகவைப்பதும் உண்டு. இரண்டையும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். அறையில் அடுப்பு, குக்கர் வைக்க விட மாட்டார்கள். ஐஸ் பெட்டி ஒன்றைக் கையோடு கொண்டுபோனால் தயிர்ச் சோறு கெடாது.

செலவு என் கணக்கில் இப்படி வரும்: பெட்ரோல் 110, கட்டணமும் வரியும் சேர்த்து அறை 150, சாப்பாடு 150, படகும் சில்லறையும் 80, உறையில் போட்ட 60. மொத்தம் 550 டாலர். மிச்சம் 50-ஐத் தொடாமல் வையுங்கள், பாலைவனச் சாலையில் டயர் பஞ்சர் ஆனால் வேண்டியிருக்கும்.

செவ்வாய் காலை நடையை முடித்துவிட்டுப் பத்து மணிக்குள் கிளம்பிவிடுங்கள். பாலத்தைத் தாண்டி புல்ஹெட் சிட்டியில் டாங்கை முழுக்க நிரப்பிக்கொண்டால் பார்ஸ்டோ தாண்டும் வரை பெட்ரோல் பங்க் பக்கமே திரும்ப வேண்டியதில்லை. லாஸ் ஏஞ்சலஸின் மாலை நெரிசலுக்கு முன்னால் வீடு சேர்ந்துவிடலாம்.